சிங்கப்பூரில் பயிற்சி மருத்துவராக வாழ்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மே மாதம் நெருங்கினால் என் கைப்பேசிக்குக் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். மருத்துவப் படிப்பை முடித்து முதல் முறையாக வார்டில் வேலைக்குச் சேரப்போகும் தம்பி தங்கைகள் கேட்பார்கள். அவர்களின் அம்மாக்கள் கேட்பார்கள். தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ் முடித்த உறவுக்காரப் பிள்ளைகள் கேட்பார்கள். நான் ஈசூனில் வளர்ந்தவள், இங்கேயே படித்தவள். ஹவுஸ் ஆபிசராக ஓராண்டு ஓடி முடித்து, இப்போது உள்மருத்துவத்தில் (இன்டர்னல் மெடிசின்) பயிற்சியில் இருக்கிறேன். தனித்தனியாக அனுப்பிய பதில்களை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். விதிமுறைகள் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் அவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, தூக்கம், சாப்பாடு, மொழி என்று அன்றாடம் நம்மைத் தாங்குகிற விஷயங்களுக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

எச்.ஓ, எம்.ஓ, ரெசிடென்ட் என்கிறார்களே, யார் யார்?

படிப்பு முடிந்த முதல் 12 மாதம் நீங்கள் ஹவுஸ் ஆபிசர், சுருக்கமாக எச்.ஓ. சிங்கப்பூர் மருத்துவ மன்றம் தரும் தற்காலிகப் பதிவில்தான் அந்த ஆண்டு ஓடும். வழக்கமாக நான்கு நான்கு மாதமாக மூன்று போஸ்டிங். உள்மருத்துவமும் அறுவை சிகிச்சையும் கட்டாயம். மூன்றாவது எலும்பு, குழந்தை நலம், மகப்பேறு போன்ற ஏதாவது ஒன்றாக இருக்கும்.

அப்புறம் மெடிக்கல் ஆபிசர், அதாவது எம்.ஓ. ஜனவரியிலும் ஜூலையிலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை துறை மாறும், சில நேரம் மருத்துவமனையே மாறும். ரெசிடென்ட் என்றால் சிறப்புப் பயிற்சித் திட்டத்தில் இடம் கிடைத்தவர். 2010இல் இந்த முறை இங்கே வந்தது. குடும்ப மருத்துவத்துக்கு மூன்று ஆண்டு. உள்மருத்துவத்துக்கும் மூன்று ஆண்டு, அதற்குமேல் இதயம், சிறுநீரகம் என்று உட்பிரிவுக்குப் போனால் இன்னும் சில ஆண்டுகள். அரசாங்க மருத்துவமனைகள் எல்லாம் சிங்ஹெல்த், தேசிய சுகாதாரப் பராமரிப்புக் குழுமம், தேசியப் பல்கலைக்கழகச் சுகாதாரக் கட்டமைப்பு என்ற மூன்று குழுமங்களுக்குள் அடங்கும். வேலை செய்வது எந்த மருத்துவமனையாக இருந்தாலும், இளம் மருத்துவர்களில் பெரும்பாலோருக்கு வேலை ஒப்பந்தம் எம்.ஓ.எச் ஹோல்டிங்ஸ் நிறுவனத்துடன்தான்.

தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ் முடித்தேன். தேர்வு எழுதி உள்ளே வர முடியுமா?

அமெரிக்கா, இங்கிலாந்து போல யார் வேண்டுமானாலும் எழுதித் தேறலாம் என்ற பொதுவான உரிமத் தேர்வு இங்கே கிடையாது. இதைத்தான் முதலில் புரிந்துகொள்ள வேண்டும். தேர்வுப் பயிற்சி, வேலை உறுதி என்று சொல்லி யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

இருப்பது இரண்டு வழி. ஒன்று, மருத்துவ மன்றம் ஏற்கும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் பட்டியலில் உங்கள் கல்லூரி இருக்க வேண்டும். அந்தப் பட்டியலில் 160 பெயர் இருந்தது, 2020 ஜனவரி 1 முதல் 103 ஆகக் குறைத்தார்கள். அவ்வப்போது திருத்துவார்கள் என்பதால் மன்றத்தின் இணையத்தளத்தில் இன்றைய பட்டியலைப் பாருங்கள், அண்ணன் சொன்னார் அக்கா சொன்னார் என்று நம்ப வேண்டாம். இன்னொன்று, எம்.ஆர்.சி.பி போன்ற, மன்றம் ஏற்கும் மேற்படிப்புத் தகுதி. நான் பார்த்த தமிழ்நாட்டு மருத்துவர்களில் பலரும் இந்த வழியாக வந்தவர்கள்தான். இரண்டிலும் முதலில் ஒரு மருத்துவமனை உங்களுக்கு வேலை தர முன்வர வேண்டும், பிறகுதான் பதிவு. அதுவும் நிபந்தனைப் பதிவு. மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில்தான் வேலை செய்யலாம்.

ஒரு நாள் எப்படிப் போகும்?

துறைக்குத் துறை மாறும். ஆனால் எச்.ஓ.வின் காலை எல்லா இடத்திலும் ஒன்றுதான்: மற்றவர்கள் வருவதற்கு முன்னால் நீங்கள் வந்திருக்க வேண்டும். ஆறு, ஆறரைக்கு வார்டு. இரவில் யாருக்குக் காய்ச்சல், யாருக்கு ரத்த அழுத்தம் இறங்கியது என்று பார்த்து, காலை ரத்தப் பரிசோதனைகளை எடுத்து, குறிப்பைத் தயாராக வைத்திருக்க வேண்டும். ஏழரை எட்டுக்குப் பெரியவர்கள் வந்து ரவுண்ட்ஸ் தொடங்குவார்கள். அங்கே சொன்னதையெல்லாம் செய்து முடிப்பதில் மீதி நாள் போய்விடும். பிளக் போடுவது (கையில் ஏற்றும் ஊசிக்குழாயை இங்கே எல்லாரும் பிளக் என்றுதான் சொல்வார்கள்), ஸ்கேனுக்காகக் கெஞ்சுவது, வேறு துறைக்கு புளூ லெட்டர் (அவர்கள் கருத்தைக் கேட்கும் கடிதம்) எழுதுவது, வீட்டுக்குப் போகிறவர்களின் சுருக்கக் குறிப்பை அடிப்பது, மகளுக்கும் மருமகனுக்கும் தனித்தனியாகத் தொலைபேசியில் விளக்குவது.

முதல் மாதம் எல்லாருக்கும் மெதுவாகத்தான் இருக்கும். பிளக் போடத் தெரியாமல் நான் நின்றபோது எனக்குக் கற்றுக்கொடுத்தவர் இருபது ஆண்டு அனுபவமுள்ள ஒரு தாதி. தாதிகளிடம் பணிவாக இருங்கள் என்று அறிவுரையாகச் சொல்வார்கள். எனக்கு அது பணிவு சம்பந்தப்பட்டதாகவே படவில்லை. உங்களை விட அவர்களுக்கு அந்த நோயாளியை நன்றாகத் தெரியும், அவ்வளவுதான். "டாக்டர், இந்த அங்கிள் முகம் சரியில்லை" என்று ஒரு தாதி சொன்னால், கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுப் போய்ப் பாருங்கள். ரத்த அழுத்தமும் நாடியும் நன்றாக இருந்தாலும் போங்கள்.

ஆன்கால் எவ்வளவு? தாங்க முடியுமா?

வழக்கமான பகல் வேலைக்குப் பிறகு இரவும் நின்று, மறுநாள் காலை ரவுண்ட்ஸையும் முடித்துவிட்டுப் போவது பழைய முறை. சில துறைகளில் அது இன்னும் இருக்கிறது. மாதம் நான்கைந்து முறை வரும், ஆள் குறைந்தால் ஆறாகும். இப்போது பல துறைகளில் நைட் ஃபுளோட் முறை இருக்கிறது: ஒரு வாரம் போல இரவு மட்டும் வேலை, பகலில் ஓய்வு. ரெசிடென்ட்களுக்கு நான்கு வாரச் சராசரியில் வாரம் 80 மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது என்பது வரம்பு. 80 என்பதே அதிகம்தான், இதை நான் வெளிப்படையாகவே சொல்வேன். உங்கள் மணிக்கணக்கை உண்மையாகப் பதியுங்கள். "எல்லாரும் குறைத்துத்தான் போடுகிறார்கள்" என்று நீங்களும் குறைத்துப் போட்டால், அடுத்த ஆண்டு வரும் பிள்ளைக்கும் அதே அட்டவணைதான் கிடைக்கும்.

இரவில் பதினைந்து நிமிடம் கிடைத்தாலும் படுங்கள். விடிந்ததும் வண்டி ஓட்டாதீர்கள். போஸ்ட்கால் முடிந்து பேருந்தில் தூங்கிக் கடைசி நிறுத்தம் வரை போனவர்கள் நிறையப் பேர், அதில் கெட்டுப்போவது ஒன்றுமில்லை. காரில் தூங்கினால் அப்படியில்லை.

ஆன்கால் அன்று பாவ் சாப்பிடக்கூடாது என்கிறார்களே?

ஆமாம், பாவ் (ஆவியில் வேகவைத்த சீன பன்) சாப்பிட்டால் அன்றிரவு அட்மிஷன் குவியும் என்பது இங்குள்ள மருத்துவர்களின் பழைய நம்பிக்கை. நான் பாவ் சாப்பிட்டும் அமைதியாக இருந்த இரவுகள் உண்டு. ஆனாலும் கூட வேலை செய்பவர் மனம் சங்கடப்பட்டால் அவர் முன்னால் சாப்பிடாதீர்கள். இட்லிக்கு எந்தத் தடையும் இல்லை.

வீடு எங்கே பார்ப்பது?

பெற்றோருடன் இருக்கிறவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். வாடகைக்குத் தேடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டையோ அதில் ஓர் அறையையோ குறைந்தது ஆறு மாதத்துக்குத்தான் வாடகைக்குக் கொடுக்க முடியும், தனியார் வீட்டுக்கு மூன்று மாதம். எச்.ஓ. போஸ்டிங்கோ நான்கு மாதம். ஆகவே இருக்கும் மருத்துவமனைக்குப் பக்கத்தில் வீடு பார்த்தால், ஒப்பந்தம் முடிவதற்குள் மருத்துவமனை மாறிவிடலாம். மூன்று போஸ்டிங்கும் எங்கெங்கே என்று தெரிந்த பிறகு, மூன்றுக்கும் நடுவில் வரும் ஒரு ரயில் நிலையத்தைப் பாருங்கள்.

ஊட்ரம் பார்க் நிலையத்தில் இப்போது மூன்று ரயில் பாதைகள் சந்திக்கின்றன, சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை அங்கேதான். டான் டோக் செங் மருத்துவமனைக்கு நொவீனா. தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை கென்ட் ரிட்ஜ் நிலையத்தின் வாசலிலேயே இருக்கிறது. சாங்கிப் பொது மருத்துவமனைக்கு சிமெய், இங் டெங் ஃபோங்குக்கு ஜூரோங் ஈஸ்ட், கூ டெக் புவாட்டுக்கு எங்கள் ஈசூன். லிட்டில் இந்தியாவிலோ ஃபேரர் பார்க்கிலோ அறை கிடைத்தால் வடகிழக்குப் பாதையில் ஊட்ரமுக்குச் சில நிலையங்கள்தான், நொவீனாவும் பக்கம். சாப்பாட்டுக் கவலையும் தீரும். ஆனால் வார இறுதியில் சத்தம் இருக்கும். பகலில் தூங்க வேண்டியவர்கள் தெருவைப் பார்த்த அறையை எடுக்காதீர்கள். என் கருத்தில் வாடகையில் நூறு வெள்ளி கூடினாலும் பயணம் அரைமணி நேரம் குறைந்தால் அது லாபம். அந்த அரைமணி நேரம் அப்படியே தூக்கமாக மாறும்.

அதிகாலையில் எப்படிப் போவது?

பெருவிரைவு ரயில் ஐந்தரை மணி வாக்கில்தான் ஓடத் தொடங்கும். தீவின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு ஆறு மணிக்குள் போய்ச் சேர முடியாது. டாக்சியில் நள்ளிரவிலிருந்து காலை ஆறு வரை கட்டணத்துக்கு மேல் பாதி கூடுதல், வார நாளில் ஆறு மணிக்கு மேல் உச்ச நேரக் கட்டணம் கால் பங்கு கூடுதல். மாதக் கடைசியில் கணக்குப் பார்த்தால் பக்கத்திலேயே வீடு எடுத்திருக்கலாமே என்று தோன்றும். முந்தின கேள்விக்கு இவ்வளவு நீளமாகப் பதில் சொன்னதற்குக் காரணம் அதுதான்.

சாப்பாடு? நான் சைவம்.

பகலில் கஷ்டமில்லை, எந்த மருத்துவமனை உணவங்காடியிலும் இந்தியக் கடை ஒன்று இருக்கும். கஷ்டம் இரவில்தான். கடைகள் மூடிவிடும், மிஞ்சுவது இயந்திரத்தில் விழும் பிஸ்கட். சைவம் சாப்பிடுகிறவர்கள் ஆன்கால் அன்று கையோடு கொண்டுபோவது நல்லது. புளிசாதம் எளிதில் கெடாது. தயிர்சாதத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் பெயர் எழுதி வையுங்கள்.

கேகே மகளிர், சிறார் மருத்துவமனைக்குப் போஸ்டிங் கிடைத்தால் அதிர்ஷ்டம், லிட்டில் இந்தியாவின் தேக்கா உணவங்காடிக்கு நடந்தே போய்விடலாம். நம் பெரியவர்கள் அந்த மருத்துவமனையை இன்றும் பழைய பெயரில் கண்டாங் கிர்பாவ் என்றுதான் சொல்வார்கள். மலாயில் எருமைக் கொட்டில் என்று பொருள். மாட்டு வியாபாரம் நடந்த இடம் அது, பக்கத்துத் தெருவுக்கு இன்றும் பஃபலோ சாலை என்று பெயர். 1966இல் மட்டும் அங்கே 39,835 குழந்தைகள் பிறந்தன, அன்று அது உலகச் சாதனை. உங்கள் அப்பாவோ அம்மாவோ அங்கே பிறந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. நைட் முடித்துவிட்டுத் தேக்காவில் சுடச்சுடத் தோசையும் கோப்பியும் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போகும் காலை, அந்த ஆண்டின் நல்ல நினைவுகளில் ஒன்றாக இருக்கும்.

மாண்டரின் தெரியாது, மலாய் அரைகுறை. சமாளிக்க முடியுமா?

முடியும், ஆனால் முயற்சி எடுக்க வேண்டும். வயதான சீன நோயாளிகள் பலர் ஆங்கிலம் பேசமாட்டார்கள், சிலர் மாண்டரின்கூடப் பேசாமல் ஹொக்கியனோ கேன்டனீஸோ மட்டும் பேசுவார்கள். வலிக்கிறதா, எங்கே, எப்போதிருந்து, மூச்சுத் திணறுகிறதா, சாப்பிட்டீர்களா, மலம் போனதா, மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா: இந்த ஏழு கேள்வியை மூன்று மொழியில் மனப்பாடம் செய்யுங்கள். மலாயில் "சாக்கிட்" என்றால் வலி, "பெனிங்" என்றால் தலைசுற்றல், "சூடா மாக்கான்" என்றால் சாப்பிட்டாயிற்று. மாண்டரினில் "தோங் மா?", ஹொக்கியனில் "தியா போ?" என்றால் வலிக்கிறதா என்று. உச்சரிப்பு தப்பினால் பாட்டி சிரிப்பார், சிரித்துவிட்டுப் பதிலும் சொல்வார். மலாய்ப் பெரியவர்களை "மக்சிக்", "பக்சிக்" என்றும், சீனப் பெரியவர்களை "ஆ மா", "ஆ கோங்" என்றும் கூப்பிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள். ஏழு கேள்விக்கு மேல் போனால் கூட வேலை செய்பவரைக் கூப்பிடுங்கள். புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு எதையும் எழுதி வைக்காதீர்கள்.

தமிழ் தெரிந்திருப்பது வேலையில் உதவுமா?

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான். ஆட்சிமொழிகள் நான்கில் ஒன்று, மருத்துவமனைப் பலகைகள் பலவற்றில் தமிழும் இருக்கும். ஆனால் ஒரு வார்டில் தமிழ் பேசும் மருத்துவர் நீங்கள் ஒருவராக மட்டும் இருக்கலாம். "டாக்டர், யூ ஸ்பீக் டமில்?" என்று மூன்றாம் மாடியிலிருந்து அழைப்பு வரும். போங்கள். எவ்வளவு வேலை இருந்தாலும் ஐந்து நிமிடம் போய்விட்டு வாருங்கள்.

வீட்டில் தமிழ் பேசுகிறோம், போதாதா என்று நானும் நினைத்தேன். போதவில்லை. வலியைச் சொல்லத் தமிழில் இருக்கும் சொற்களை நான் வார்டில்தான் கற்றுக்கொண்டேன். குத்தல் வேறு, குடைச்சல் வேறு. "கால் குடையுது" என்று சர்க்கரை நோயாளி சொன்னால் நரம்பைப் பாருங்கள். "மதமதன்னு இருக்கு", "மரத்துப்போச்சு" என்றாலும் அப்படியே. "நீர்க்கடுப்பு" என்றால் சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல். "நெஞ்சு கரிக்குது" என்றால் பெரும்பாலும் இரைப்பை அமிலம். "நெஞ்சை அடைக்குது", "பாரம் வச்ச மாதிரி இருக்கு" என்றால் உடனே ஈ.சி.ஜி. "மயக்கமா வருது" என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று நோய் இருக்கலாம். அறையே சுற்றுகிறதா, கண் இருட்டிக்கொண்டு வருகிறதா, அல்லது உடம்பு அசதியா என்று பிரித்துக் கேளுங்கள். இங்கே ஆங்கிலக் குறிப்பில் எல்லாவற்றையும் "கிடினஸ்" என்று ஒரே சொல்லில் எழுதிவிடுவார்கள், அங்கேதான் தவறு நடக்கிறது.

பெண்கள் பேசும்போது இன்னும் கவனம் வேண்டும். "முழுகாம இருக்கேன்" என்று ஒரு கிராமத்து அம்மா சொன்னதை, என் ஜூனியர் ஒருவர் குளிக்கவில்லை என்று எழுதிவிட்டார். அவர் சொன்னது கர்ப்பமாக இருப்பதை. அன்று எக்ஸ்ரே எடுப்பதற்கு முன்னால் அதைப் பார்த்துத் திருத்தினோம்.

எனக்கு மறக்கவே முடியாத சொல் "வாய்வு". கால் புண்ணுக்காகச் சேர்ந்திருந்த ஒருவர், நடு இரவில் "வாய்வு பிடிச்சிருக்கு, சுடுதண்ணி குடுங்க மேடம்" என்றார். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். வாயால் சொல்லாமல், கையை இறுக மூடி மார்பின் நடுவில் வைத்துக் காட்டினார். வியர்த்திருந்தது. ஈ.சி.ஜி. எடுத்தோம், மாரடைப்பு. ஒரு மணி நேரத்துக்குள் அவரை ஆஞ்சியோ அறைக்குக் கொண்டுபோனார்கள். நம் ஊர்க்காரர்கள் மாரடைப்பை வாய்வு என்றே சொல்வார்கள். எதையும் பெரிதுபடுத்தக்கூடாது என்று வளர்ந்தவர்கள் அவர்கள். தமிழில் அந்தச் சொல் காதில் விழுந்தால் நான் இன்றும் எழுந்து போய்விடுவேன்.

எல்லை ஒன்றும் சொல்ல வேண்டும். அறுவை சிகிச்சைக்கு ஒப்புதல், கெட்ட செய்தி, சிகிச்சையை நிறுத்துவது போன்ற பேச்சுகளில் பேரப்பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். நீங்களே மொழிபெயர்த்தால் ஒன்றையும் கூட்டாதீர்கள், குறைக்காதீர்கள். "அப்பாகிட்ட கேன்சர்னு சொல்லிடாதீங்க டாக்டர்" என்று மகன் வராந்தாவில் கையைப் பிடித்துக்கொள்வார். அவர் அன்பைக் குறை சொல்ல முடியாது. அவரிடம் மறுத்துப் பேசுவதற்குப் பதிலாக, அப்பாவிடம் போய் "உங்கள் உடம்பைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் ஐயா?" என்று கேளுங்கள். பல முறை அப்பாவுக்கு முன்பே தெரிந்திருக்கும்.

வெளிநாட்டு ஊழியர்களுக்கு நான் என்ன செய்ய முடியும்?

கட்டுமானத் தளத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை செய்யும் நம் ஆட்களுக்கு முதல் பயம் நோயைப் பற்றியது இல்லை, "கம்பெனிக்குத் தெரிஞ்சா ஊருக்கு அனுப்பிருவாங்களா?" என்பதுதான். இல்லை என்று நீங்கள் வாக்குக் கொடுக்க முடியாது. கொடுக்கவும் வேண்டாம். ஆனால் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

முதலில், காயம் எங்கே, எப்படி, எத்தனை மணிக்கு ஏற்பட்டது என்பதை அவர் சொல்லில் தெளிவாக எழுதுங்கள். வேலையிடக் காயத்துக்கு இழப்பீடு கேட்கும்போது உங்கள் குறிப்பைத்தான் படிப்பார்கள். "கீழே விழுந்தார்" என்று எழுதுவதற்கும் "வேலைத் தளத்தில் சாரத்திலிருந்து விழுந்ததாகச் சொல்கிறார்" என்று எழுதுவதற்கும் அவர் குடும்பத்துக்கு எவ்வளவோ வித்தியாசம். விடுப்பைத் தேவையான அளவு கொடுங்கள். கூட வந்த மேற்பார்வையாளர் "லைட் டியூட்டி போடுங்க டாக்டர்" என்று கேட்டால், உடம்பைப் பார்த்து முடிவு செய்வது நீங்கள்தான். ஆறு மாதம் வேலை பார்த்தவருக்குச் சட்டப்படி ஆண்டுக்கு 14 நாள் வெளிநோயாளி விடுப்பு உண்டு, மருத்துவமனையில் சேர்ந்தால் அதையும் சேர்த்து 60 நாள் வரை. வொர்க் பெர்மிட்காரர்களுக்கு முதலாளி எடுக்க வேண்டிய மருத்துவக் காப்புறுதி 2023 ஜூலை முதல் ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளி, முன்பு 15,000ஆக இருந்தது. இதை அவரிடம் சொன்னால் முகம் கொஞ்சம் தெளியும். பில் விஷயத்தை மருத்துவச் சமூக ஊழியரிடம் அன்றே ஒப்படையுங்கள், டிஸ்சார்ஜ் அன்று வரை தள்ளிப்போடாதீர்கள்.

மேற்பார்வையாளரை அறைக்கு வெளியே நிற்கச் சொல்லிவிட்டு நோயாளியிடம் தனியாகப் பேசுங்கள். அவர் முன்னால் இருக்கும்போது ஒரு கதை, போன பிறகு வேறு கதை வரும். நேரம் கிடைக்கும் காலத்தில் ஏதாவது செய்ய விரும்பினால், 2006இல் தொடங்கிய ஹெல்த்சர்வ் அமைப்பின் கிளினிக்குகளில் மருத்துவர்கள் தொண்டூழியம் செய்கிறார்கள். எச்.ஓ. ஆண்டில் வேண்டாம், அந்த ஆண்டில் ஓய்வு நாளில் தூங்குங்கள்.

தவறு செய்துவிட்டால்?

செய்வீர்கள். நான் செய்ததைச் சொல்கிறேன். ஒரே அறையில் ஒரே பெயருடைய இரண்டு தமிழ்ப் பெரியவர்கள் இருந்தார்கள். இங்கே நம் பெயருக்குப் பின்னால் "எஸ்/ஓ" என்று அப்பா பெயர் வரும், கட்டில் பலகையில் அது வெட்டுப்பட்டுப் போயிருந்தது. விடிகாலை ஐந்து மணிக்கு ஒருவரின் ரத்தத்தை எடுத்து இன்னொருவரின் லேபிளை ஒட்டிவிட்டேன். பத்து நிமிடம் கழித்துச் சந்தேகம் வந்தது. ரத்தம் ஏற்றுவதற்கான பொருத்தப் பரிசோதனை அது. உடனே எம்.ஓ.வையும் ரத்த வங்கியையும் அழைத்துச் சொன்னேன். மாதிரியைத் தூக்கிப்போட்டு மறுபடி எடுத்தோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆனால் கை நடுக்கம் நிற்க அன்று மதியம் ஆனது.

சொல்லிவிட்டதால் மட்டுமே அது அங்கேயே முடிந்தது. பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் நோயாளியையே சொல்லச் சொல்லி, கைப்பட்டையுடன் ஒப்பிட்டு, கட்டிலருகிலேயே லேபிள் ஒட்டுங்கள். "நீங்கதானே ராமசாமி ஐயா?" என்று கேட்டால் காது கேட்காத பெரியவர் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்பார்.

மனம் உடைந்துபோனால் யாரிடம் போவது?

முதலில் உங்கள் மேற்பார்வை மருத்துவரிடம், அது முடியாவிட்டால் பயிற்சித் திட்ட அலுவலகத்தில். மருத்துவமனைகளில் ஊழியர்களுக்கான ஆலோசனைச் சேவை உண்டு. நேரம் காலம் இல்லாமல் பேச வேண்டும் என்றால் சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூர் (எஸ்.ஓ.எஸ்) அமைப்பின் 1767 எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. வீட்டில் சொல்லத் தயங்குவோம். பிள்ளை டாக்டர் ஆகிவிட்டது என்று சந்தோஷமாக இருப்பவர்களிடம் எப்படிச் சொல்வது என்று இருக்கும். சொல்லுங்கள். மூன்று வாரமாகத் தூக்கம் வராமல், வேலைக்குப் போகும் வழியில் அழுகை வந்தால், அது சோம்பலோ பலவீனமோ இல்லை. அதே அறிகுறிகளோடு ஒரு நோயாளி வந்தால் நீங்கள் என்ன செய்வீர்களோ அதைச் செய்யுங்கள். விடுப்பு எடுத்து, போஸ்டிங்கை நீட்டித்து முடித்தவர்கள் இன்று நல்ல மருத்துவர்களாக இருக்கிறார்கள்.

சம்பளம் போதுமா?

தனியாள் வாழப் போதும். ஆன்காலுக்குத் தனிப் படி உண்டு. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் சம்பளத்தில் 20 விழுக்காடு மத்திய சேம நிதிக்குப் போகும், முதலாளி 17 விழுக்காடு போடுவார். வெளிநாட்டவருக்கு அது கிடையாது, கையில் கூடுதலாக வருவது போலத் தெரிந்தாலும் சேமிப்பை நீங்களேதான் செய்ய வேண்டும். உள்ளூரில் படித்தவர்களுக்கு அரசாங்க மானியத்துக்கு ஈடாக இங்கே வேலை செய்யும் ஒப்பந்தம் நினைவிருக்கட்டும்: குடிமக்களுக்கு ஐந்து ஆண்டு, மற்றவர்களுக்கு ஆறு.

எச்.ஓ. ஆண்டிலேயே தேர்வுக்குப் படிக்கலாமா?

முதல் நான்கு மாதம் வேண்டாம். அன்று பார்த்த ஒரு நோயாளியைப் பற்றி வீட்டுக்குப் போகும் ரயிலில் பத்து நிமிடம் படியுங்கள். எனக்கு அதுதான் தேர்விலும் நின்றது.

தீபாவளிக்கு லீவு கிடைக்குமா?

தீபாவளி பொது விடுமுறை, ஆனால் வார்டுக்கு விடுமுறை இல்லை, யாராவது ஒருவர் இருந்தாக வேண்டும். வழி எளிது. சீனப் புத்தாண்டுக்கு நீங்கள் ஆன்கால் எடுத்துக்கொள்ளுங்கள், தீபாவளிக்குச் சீன நண்பர் எடுத்துக்கொள்வார். நோன்புப் பெருநாளுக்கு மலாய் நண்பருக்கு நாம் நிற்போம். அட்டவணை போடுகிறவரிடம் இரண்டு மாதம் முன்பே சொல்லிவிடுங்கள். தைப்பூசம் 1968க்குப் பிறகு பொது விடுமுறை இல்லை. காவடி எடுப்பவர்களும் பால்குடம் எடுப்பவர்களும் ஆண்டு விடுப்பை அதற்கென்று ஒதுக்கி வையுங்கள்.

ஆன்கால் பையில் என்ன வைத்துக்கொள்வது?

ஒரு மாற்று உடுப்பு, மெல்லிய ஸ்வெட்டர் (இரவில் வார்டு குளிரும்), பல் துலக்கி, மின்னேற்றி, நான்கு நிறப் பேனா, காலுறை இரண்டு ஜோடி, பேரீச்சம்பழம் அல்லது கடலை மிட்டாய், தண்ணீர்ப் புட்டி. சின்னக் குறிப்பேடு ஒன்றும் வையுங்கள். புதிதாகக் கேட்ட தமிழ்ச் சொல்லை நான் அதில்தான் எழுதி வைக்கிறேன். போன வாரம் எழுதியது "பொறை ஏறுது". சாப்பிடும்போது தண்ணீர் தப்பான வழியில் போய் இருமுவதை ஒரு பாட்டி அப்படிச் சொன்னார். விழுங்குவதைச் சோதிக்கும் பேச்சுச் சிகிச்சையாளரை அன்றே வரவழைத்தோம்.